கணிப்பொறியின் நீரோட்டமும் இயங்குதளத்தின் காவலும்

வில்லியனூர்க் கொம்யூனிலும் பாகூர்க் கொம்யூனிலும் பிறந்து வளர்ந்தோர்க்கு நீராட்சியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புதுச்சேரிப் பிரதேசத்தார் தமக்கு உரிய ஏரிகளுள் மிகப் பெரிதென்று சொல்லும் ஊசுட்டேரி வில்லியனூரை அடுத்துள்ளது. அதற்கு அடுத்ததாகிய பாகூர் ஏரியோ, பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டினின்றும் பங்காரு வாய்க்கால் வழியாக நீர் பெற்று, புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அவ்வூர் புகழ்பெறுதற்குக் காரணமாய் நிற்கின்றது. அப்பாகூரிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்கள் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு உரிமையாக்கப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. நீரும் கல்வியும் ஓரூரில் ஒருங்கே பேணப்பட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஏரியை ஆளுதற்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதன. நீர்மட்டத்தை அளந்தறியும் கண் ஒன்று. மதகைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல கை ஒன்று. கண் கண்டதைக் கைக்கு உள்ளவாறே உரைக்கும் அறிவு ஒன்று. கண் பழுதுபட்டால் கரை உடையும் வரையில் மதகு மூடியே கிடக்கும். கை பழுதுபட்டால் கண்டும் பயனில்லை. அறிவு பழுதுபட்டாலோ, கண்ணும் கையும் நன்னிலையில் இருந்தும் பயிர் காயும், அல்லது மூழ்கும். இம்மூன்றனுள் அறிவென்று கூறியதே இக்கட்டுரையின் பொருள். ஆயின் நாம் ஆராயப் புகுவது ஏரியின் நீரை அன்று. கணிப்பொறிக்குள் ஒரு சாண் குழாயில் ஓடும் நீரையேயாம். அந்நீரின் சூட்டை அளக்கும் கருவிகளையும், விசிறியை ஆளும் கருவிகளையும் இயங்குதளம் எவ்வாறு அறிந்துகொள்கின்றது, அவ்வறிவு யாருக்கு உரியது என்பவற்றை நம் மாணவர் தெளிவுற உணரும்படி எழுதுவதே நம் நோக்கம்.

1. நீரால் குளிர்விப்பது ஏன்?

கணிப்பொறியின் செயலி, தான் உண்ணும் மின்சாரம் அனைத்தையும் இறுதியிற் சூடாகவே வெளியிடுகின்றது. 150 வாட் மின்சாரத்தை உண்ணும் செயலி ஒன்று, உள்ளங்கையினும் சிறிய இடத்தில் 150 வாட் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது என்க. இவ்வெப்பத்தை அகற்றாவிடில் சில விநாடிகளிலேயே செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் நின்றுபோம்.

வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றலில் நீருக்கு நிகரான எளிய பொருள் இல்லை. ஒரு கிலோ நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்துதற்கு ஏறத்தாழ 4,180 ஜூல் ஆற்றல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் நீர் ஓடுமாயின், 150 வாட் வெப்பத்தை அது ஏற்றுச் செல்லும்போது அதன் சூடு 2 டிகிரியளவே மிகும். அதே வெப்பத்தை 5 டிகிரி உயர்வுடன் காற்றினால் அகற்ற வேண்டுமாயின், விநாடிக்கு ஏறத்தாழ 26 லிட்டர் காற்றுச் செயலியின்மீது பாய வேண்டும். ஆதலின் நீர், செயலியின் சூட்டை வாங்கி, இடம் அகன்ற ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று, ஆங்கே விசிறியின் காற்றுக்குக் கொடுக்கின்றது. முடிவிற் சூட்டை ஏற்பது காற்றே. நீர் இடைநின்ற சுமையாள் மாத்திரமே. இதனை மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனின், எத்துணைச் சிறந்த விசிறியும் நீரை அறையின் சூட்டினும் கீழே இறக்க வல்லதன்று.

நீருக்கு இன்னுமொரு குணம் உண்டு. செயலியின் உட்சூடு ஒரு விநாடிக்குள் பல டிகிரி ஏறும், இறங்கும். நீரின் சூடோ மெல்லவே அசையும். அரை லிட்டர் நீர் உள்ள சுற்றில் விசிறி முற்றும் நின்றுபோனாலும், 150 வாட் வெப்பம் அந்நீரை நிமிடத்துக்கு நாலரை டிகிரிக்கு உட்பட்டே உயர்த்தும். செயலியின் சூடு காட்டாற்று வெள்ளம் போல்வது. நீரின் சூடு ஏரியின் மட்டம் போல்வது. காட்டாற்றைப் பார்த்து மதகைத் திறந்து மூடுபவன் ஓய்வின்றி ஓடி இளைப்பான்; ஏரியின் மட்டத்தைப் பார்ப்பவன் அமைதியாக ஆளுவான். ஆகவே நீரின் சூட்டைக்கொண்டு விசிறியை ஆளுதலே நேரிய முறை. அதற்கு நீரின் சூட்டை இயங்குதளம் அறிதல் வேண்டும்.

2. கண்ணும் கையும்

நீரின் சூட்டை அளப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்தடை. சூடு ஏற ஏற இதன் தடை குறையும். இத்தொழிலில் பெரிதும் வழங்குவது 25 டிகிரியில் 10,000 ஓம் தடையுடையது. கருவி அத்தடையை மின்னழுத்தமாக அளந்து, எண்ணாக மாற்றி, அவ்வெண்ணினின்று சூட்டைக் கணக்கிடுகின்றது.

விசிறியின் வேகத்தை அளப்பது அதன் மூன்றாம் கம்பியில் வரும் துடிப்பு. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பது பொதுவிதி. ஒரு விநாடியில் 40 துடிப்பு வந்தால் 20 சுற்று; நிமிடத்துக்கு 1,200 சுற்று. பம்பின் வேகமும் இவ்வாறே அறியப்படும்.

இனிக் கையைக் கூறுவாம். நான்கு கம்பி விசிறியின் நான்காம் கம்பியில் விநாடிக்கு 25,000 முறை மின்குறி ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் அக்குறி எவ்வளவு நேரம் ஏறி நிற்கின்றது என்னும் விகிதமே விசிறியின் வேகத்துக்குக் கட்டளையாம். முழுநேரமும் ஏறி நின்றால் முழு வேகம். பாதி நேரம் நின்றால் நடுத்தர வேகம். இதனைத் துடிப்பகல முறை என்பர்.

3. டிரைவர் என்பது யாது?

கண்ணும் கையும் உள்ள பெட்டி ஒன்று யூஎஸ்பி கம்பியினால் கணிப்பொறியோடு இணைக்கப்படுகின்றது என்று கொள்வோம். அப்பெட்டி பேசும் மொழி அதனைச் செய்தவருக்கு மாத்திரமே தெரிந்த மொழி. இயங்குதளத்துக்குள் இருந்துகொண்டு அம்மொழியைக் கேட்டறிந்து, எல்லாப் பயன்பாடுகளுக்கும் விளங்கும் பொதுமொழியிற் பெயர்த்துரைக்கும் நிரலே டிரைவர் எனப்படும். இதனைத் தமிழில் இயக்கி என்று வழங்குவாரும் உளர். பண்டைநாட் புதுச்சேரியில் துரைகளுக்கும் வணிகருக்கும் இடையே துபாஷி நின்றது போல, பெட்டிக்கும் பயனருக்கும் இடையே டிரைவர் நிற்கின்றது. துபாஷி இல்லாத இடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி வாளாவிருப்பர். துபாஷி பிழைபடப் பெயர்த்தாலோ கேடு அதனினும் பெரிது.

பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில் இவ்வகைத் துபாஷிகளுக்கென்றே தனிப்பகுதி ஒன்று உண்டு. அதனை எச்டபிள்யூமான் என்று சுருக்கி வழங்குவர். வன்பொருளைக் கண்காணிப்பது என்பது பொருள். இதன் மூலம் எல்எம் சென்சார்ஸ் என்னும் திட்டம். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம் 75, எல்எம் 78 என்னும் அளவைச் சிப்புகளின் பெயராலேயே அத்திட்டம் பெயர்பெற்றது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 என்னும் கெர்னலோடு இவ்வகை டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இடம்பெறலாயின.

எச்டபிள்யூமானின் பொதுமொழி மிக எளியது. ஒவ்வோர் அளவும் ஒரு சிறு கோப்பாகத் தோன்றும். சூடு ஆயிரத்திலொரு டிகிரியிற் சொல்லப்படும். கோப்பிற் காணும் எண் 38500 ஆயின் சூடு 38.5 டிகிரி. மின்னழுத்தம் ஆயிரத்திலொரு வோல்ட்டில். மின்திறன் பத்து லட்சத்திலொரு வாட்டில். வேகம் நிமிடச் சுற்றில். விசிறிக்கு இடும் கட்டளை 0 முதல் 255 வரையுள்ள ஓரெண். 128 என்று எழுதினால் ஏறத்தாழப் பாதி. பெட்டி எவ்வூரிற் செய்யப்பட்டதாயினும், அதனுள் எம்மொழி வழங்கினும், பயனர் காண்பது இவ்வொரே முறைதான். இப்பொதுமையே டிரைவரால் விளையும் முதற்பயன்.

மாணவர் ஒன்றைக் கருத்திற் கொள்க. இக்கோப்புகள் வைக்கப்படும் அடைவுகளுக்கு 0, 1, 2 என்று எண் இடப்படுகின்றது. கணிப்பொறியை மீண்டும் தொடங்கும்போது இவ்வெண்கள் மாறக்கூடும். நேற்று 2ஆம் அடைவில் இருந்த நீரின் சூடு இன்று 3ஆம் அடைவில் இருக்கலாம். ஆதலின் எண்ணை நம்பாது, ஒவ்வோர் அடைவிலும் உள்ள பெயர்க்கோப்பைப் படித்து இன்னதென்று தெளிந்த பின்னரே விசிறியை ஆளுதல் வேண்டும். வீட்டெண்ணைப் பாராது வீட்டாரின் பெயரைக் கேட்டு உள்நுழைவது போல்வது இது.

4. ஏழு பைட்டில் ஒரு பாடம்

என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தார் செய்த கிராக்கன் எக்ஸ் 42, 52, 62, 72 என்னும் நீர்க்குளிர்விப்பிகளுக்குரிய டிரைவர், 2021 ஜூனில் வெளியான 5.13 கெர்னலில் இடம்பெற்றது. சிறிய நிரலாதலின் பாடத்துக்கு ஏற்றது.

இக்குளிர்விப்பி யாரும் கேளாமலே அரை விநாடிக்கு ஒரு முறை ஓர் அறிக்கையை அனுப்பிக்கொண்டிருக்கும். அறிக்கையின் முதற்பைட்டு அதன் இனத்தைச் சொல்லும் எண். அடுத்த பைட்டு நீரின் சூட்டில் முழு டிகிரி. அதற்கடுத்தது பத்திலொரு டிகிரி. பின்னர் இரண்டு பைட்டு விசிறியின் வேகம். அதன்பின் இரண்டு பைட்டு பம்பின் வேகம். வேகத்தின் முதற்பைட்டை 256ஆற் பெருக்கி இரண்டாம் பைட்டைக் கூட்டல் வேண்டும்.

34, 6, 4, 176, 10, 140 என்று ஆறு எண்கள் வந்தனவாகக் கொள்வோம். நீரின் சூடு 34.6 டிகிரி, டிரைவர் இதனை 34600 என்று எழுதும். விசிறி, 4 பெருக்கல் 256 கூட்டல் 176, ஆகவே 1,200 சுற்று. பம்பு, 10 பெருக்கல் 256 கூட்டல் 140, ஆகவே 2,700 சுற்று. இவ்வளவே துபாஷியின் பெயர்ப்புத் தொழில். பெருக்கலும் கூட்டலும் அறிந்த எந்த மாணவனுக்கும் இது எட்டாத வித்தையன்று.

ஆயினும் இச்சிறு டிரைவரில் நாம் போற்றத்தக்க விதி ஒன்று உளது. கடைசியாக வந்த அறிக்கைக்கு இரண்டு விநாடிக்கு மேல் வயதாகிவிட்டால், அதாவது நான்கு அறிக்கைகள் தொடர்ந்து வாராதொழிந்தால், டிரைவர் பழைய எண்ணை மீண்டும் சொல்லாது. தன்னிடம் தரவு இல்லை என்றே விடையிறுக்கும். இதன் பெருமை யாதெனின் கூறுவாம். பெட்டி செயலற்றுப்போன பின்னும் டிரைவர் 34.6 என்றே சொல்லிக்கொண்டிருக்குமாயின், விசிறியை ஆளும் நிரல் யாதொரு தீங்கும் இல்லை என்று எண்ணி வாளாவிருக்கும். உள்ளே நீர் கொதிநிலையை நோக்கிச் செல்லும். முந்தாநாள் கண்ட நீர்மட்டத்தை இன்றைய மட்டமென்று உரைக்கும் காவற்காரன், காவலே இல்லாமையினும் கொடியவன் அன்றோ? தெரியாததைத் தெரியாதென்று கூறுதலும் அறிவின் ஒரு பகுதியே என்பதை இந்நிரல் நமக்குக் கற்பிக்கின்றது.

இந்த டிரைவர் அளவைகளைப் படிப்பதோடு நின்றது. பம்பையும் விசிறியையும் ஆளும் தொழிலை லிக்விட்சிடிஎல் முதலிய பயனர்நிலைக் கருவிகளுக்கு விட்டது. இதன் பின்வந்த கிராக்கன் எக்ஸ் 53 முதலியவற்றுக்குரிய டிரைவர் 2024 மே மாதத்து 6.9 கெர்னலில் வந்தது. அது பம்பின் ஆட்சியையும் ஏற்றது. 20 டிகிரி முதல் 59 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு கட்டளையாக நாற்பது கட்டளைகளைப் பெட்டிக்குள்ளேயே எழுதிவைக்கலாம். அதன்பின் பெட்டி தானே நீரின் சூட்டைப் பார்த்துப் பம்பை நடத்தும்.

5. படித்தல் எளிது, எழுதுதல் அரிது

ஜெர்மானிய நிறுவனமாகிய அக்வாகம்ப்யூட்டரின் டி5 நெக்ஸ்ட் என்னும் பம்புக்குரிய டிரைவர் 2021 அக்டோபரில் வந்த 5.15 கெர்னலிற் சேர்ந்தது. அது நாளடைவில் விரிந்து, எட்டு விசிறிகளை ஆளும் ஆக்டோ, நான்கு விசிறிகளை ஆளும் குவாட்ரோ முதலிய பெட்டிகளையும், நீரோட்டத்தின் அளவையும் நீரின் மின்கடத்தும் தன்மையையும் கூறும் ஹைஃப்ளோ நெக்ஸ்ட் என்னும் கருவியையும் தன்னுள் அடக்கிற்று. அமெரிக்க நிறுவனமாகிய கோர்சேரின் கமாண்டர் புரோ என்னும் ஆறு விசிறிப் பெட்டிக்கு 2020 அக்டோபரில் வந்த 5.9 கெர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டது.

டி5 நெக்ஸ்டுக்குக் கட்டளை எழுதும் முறை கவனிக்கத்தக்கது. ஓரெண்ணை மாற்ற வேண்டுமாயினும் அதனை மாத்திரம் அனுப்புதல் கூடாது. பெட்டியின் கட்டளையேடு முழுவதையும் முதலிற் படித்து, வேண்டும் இடத்தை மாத்திரம் திருத்தி, ஏடு முழுமைக்கும் சரிபார்க்கும் எண் ஒன்றைப் புதிதாகக் கணக்கிட்டு ஈற்றில் இட்டு, முழு ஏட்டையும் திருப்பி அனுப்புதல் வேண்டும். பத்திரத்தில் ஒரு சொல்லைத் திருத்தினும் புதிதாகக் கையொப்பம் இட்டாலன்றிச் செல்லாமை போல்வது இது.

படிப்பதிற் பிழை நேர்ந்தால் பொய்யெண் தோன்றும். எழுதுவதிற் பிழை நேர்ந்தால் பம்பே நின்றுபோகலாம். டிரைவர் எழுதுவோர் படித்தலை முன்னர் வெளியிட்டு, எழுதுதலைப் பின்னர்ச் சேர்ப்பது பெரும்பான்மை வழக்கமாயிருத்தல் இதனாலேயே தகுதியுடைத்து.

6. புதைக்கப்பட்ட தாலந்து

இங்கே வாசகர் ஒரு கேள்வி எழுப்புவர். பெட்டியைச் செய்தவரே அதன் மொழியை அச்சிட்டு வெளியிட்டுவிட்டால் இத்துணைத் தொல்லை ஏன்? நியாயமான கேள்வியே. இவ்வகைப் பெட்டிகளைச் செய்வோரிற் பலர் தம் கருவியின் மொழியை வெளியிடுவதில்லை. ஓரியங்குதளத்துக்கு, அதாவது விண்டோஸுக்கு மாத்திரம், தம் சொந்த நிரலைக் கொடுத்து அமைகின்றனர். ஆகவே ஆர்வமுடைய அன்பர்கள், கணிப்பொறிக்கும் பெட்டிக்கும் இடையே யூஎஸ்பி கம்பியில் ஓடும் பைட்டுகளைப் பதிவுசெய்து, எவ்வெண் மாறும்போது எது மாறுகின்றது என்று ஒப்புநோக்கி, எழுத்தறியாத கல்வெட்டைப் படிப்பார் போல அம்மொழியைக் கண்டறிந்தனர். கிராக்கனுக்கு வாய்த்த டிரைவர் இவ்வுழைப்பின் பயனே.

தாலந்தைப் பெற்று நிலத்திற் புதைத்த ஊழியனின் உவமையை நம் மாணவர் அறிவர். விலைகொடுத்து வாங்கிய பெட்டிக்குள்ளே அதனை ஆளும் அறிவைப் புதைத்துவைத்தல் அவ்வுவமைக்கு மிக அணியது. நிறுவனம் தன் நிரலைப் புதுப்பிக்காது விட்டுவிடின், நன்னிலையில் உள்ள பெட்டியும் ஊமையாகிவிடும். கெர்னலுக்குள் இடம்பெற்ற டிரைவரோ ஊரார் பொதுக்கிணறு போல்வது. யாரும் அதனை இறங்கிப் பார்க்கலாம்; தூர் வாரலாம்; தம் பெட்டிக்கு ஏற்பத் திருத்தலாம். லினக்ஸ் கெர்னலின் உரிமப் பத்திரமே அவ்வுரிமையை நமக்குத் தருகின்றது.

பொது அமைப்பு இல்லாத இடத்தில் எத்தகைய இடர் நேரும் என்பதற்கு அண்மைக்காலச் செய்தி ஒன்று சான்றாகும். விண்டோஸில் விசிறியை ஆளும் நிரல்கள் பல, வன்பொருளின் உள்ளறைகளைத் தொடுதற்கு வின்ரிங்0 என்னும் ஒரே திறவுகோலை நம்பியிருந்தன. அத்திறவுகோலைக் கொண்டு தீயோரும் கணிப்பொறியின் உள்ளறையிற் புகலாம் என்னும் குறை 2020ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. 2025ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் காவல்நிரல் அதனைத் தீங்குடையதென்று தடுக்கத் தொடங்கவே, அதனை நம்பிய விசிறி நிரல்கள் பல இடர்ப்பட்டன. காவலர்மீதும் குற்றமில்லை, விசிறி நிரல் எழுதிய தொண்டர்மீதும் பெருங்குற்றமில்லை. எல்லா அறைகளையும் திறக்கும் ஒரே திறவுகோலைப் பலர் கையிற் கொடுத்தமையே குற்றம். எச்டபிள்யூமான் முறையில் பயனருக்குக் கிடைப்பது திறவுகோலன்று. இன்ன எண்ணைப் படிக்கலாம், இன்ன எண்ணை எழுதலாம் என்னும் வரையறுத்த வாயில் மாத்திரமே.

7. நம் நாட்டுக்கு ஏற்ற ஒழுங்கு

குளிர்நாட்டார் வகுத்த ஒழுங்கு நம் கொம்யூன்களுக்குப் பொருந்துமோ என்பதை ஆராய்வோம். அறையின் சூடு 22 டிகிரியாகவும், நீர் அறையினும் 12 டிகிரி மிகுதியாகவும் இருப்பின் நீரின் சூடு 34. அதே பெட்டியை மே மாதத்தில் 37 டிகிரி உள்ள பாகூர் வீடொன்றில் வைத்தால், அதே வேலைக்கு நீரின் சூடு 49. நீர்க்குளிர்விப்பில் பயன்படும் பம்புகளும் குழாய்களும் பல, 60 டிகிரியை மேலெல்லையாக உடையன. குளிர்நாட்டில் 26 டிகிரி இடைவெளி உண்டு; நமக்கோ 11 டிகிரியே எஞ்சுகின்றது. குளிர்நாட்டில் அமைந்த ஒழுங்கு 40 டிகிரியில் விசிறியை முழுவேகம் ஓடச் சொல்லுமாயின், நம் கோடையில் விசிறி அல்லும் பகலும் ஓலமிட்டுக்கொண்டேயிருக்கும். ஆயினும் யாதொரு பயனும் விளையாது.

ஆதலின் நம் மாணவர் கைக்கொள்ளத்தக்க விதிகள் சில கூறுவாம்.

முதலாவது, நீரின் சூட்டை மாத்திரம் பாராது, நீருக்கும் அறைக்கும் உள்ள வேற்றுமையைப் பார்த்தல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பவுணரிகளை ஏற்கும் பெட்டியாயின், ஒன்றை ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் வாயிலில் வைக்கலாம். வேற்றுமை 5 டிகிரியாகும்போது விசிறி நூற்றுக்கு 40. 12 டிகிரியாகும்போது முழுவேகம் என்பது போன்ற ஒழுங்கு, மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒருங்கே பொருந்தும். அதனோடு நீர் 55 டிகிரியை எட்டினால் வேற்றுமை எதுவாயினும் முழுவேகம் என்னும் வரம்பையும் இட்டுக்கொள்க.

இரண்டாவது, திங்கள்தோறும் ஒரே வேலையை அரைமணி நேரம் கொடுத்து, விசிறியை ஒரே வேகத்தில் நிறுத்தி, நீருக்கும் அறைக்கும் உள்ள வேற்றுமையை ஏட்டிற் குறித்துவருக. வேற்றுமை வரவர மிகுமாயின் ரேடியேட்டரின் தகடுகளிடையே புழுதி அடைந்துள்ளது, அல்லது நீரோட்டம் குறைந்துள்ளது என்று அறியலாம். செம்மண் புழுதியும் கடற்காற்றின் உப்பும் கூடிய நம் பகுதியில் இக்குறிப்பேடு மருத்துவன் கைநாடி போல்வது.

மூன்றாவது, சுற்றுக்குள் ஊற்றுதற்குக் கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ எடுத்தல் ஆகாது. அதிற் கரைந்துள்ள உப்புகள் செப்புத் தகட்டின் நுண்ணிய வரிகளில் படிந்து அடைத்துவிடும். வாலைவடித்த நீரும், பாசி பிடியாமற் காக்கும் மருந்துமே தக்கன.

நான்காவது, காவலை மூன்று நிலையில் வைத்தல் வேண்டும். அளவுகடந்த சூட்டில் செயலி தன்னைத் தானே காத்துக்கொள்வது முதற்காவல். இது இயங்குதளத்தை நம்பியிருப்பதன்று. பெட்டிக்குள் எழுதிவைத்த ஒழுங்கு இரண்டாங்காவல். இயங்குதளத்தில் ஓடும் நிரல் மூன்றாங்காவல். மூன்றாவது மிக நுட்பமானது; ஆனால் எளிதிற் கெடுவதும் அதுவே. கணிப்பொறி உறைந்துபோனால் அந்நிரலும் உறையும். ஆகவே உயிர்நிலையான கட்டளைகளைப் பெட்டிக்குள்ளேயே எழுதிவைத்து, நுண்ணிய திருத்தங்களை மாத்திரம் நிரலுக்கு விடுக. எல்எம் சென்சார்ஸுடன் வரும் ஃபேன்கண்ட்ரோல் என்னும் நிரல், தான் நிற்கும்போது விசிறிகளைப் பழைய நிலைக்கோ முழுவேகத்துக்கோ விட்டுச் செல்ல முயல்கின்றது. விடைபெறும் காவற்காரன் மதகைத் திறந்துவைத்துச் செல்வது போன்ற முன்யோசனை இது.

ஐந்தாவது, மின்சாரம் அடிக்கடி அறுபடும் சிற்றூர்களில், மின்சாரம் மீண்டபின் பெட்டி தன் கட்டளைகளை நினைவில் வைத்துள்ளதா என்று சோதித்தறிக. தன் நினைவிலேயே கட்டளைகளை வைத்துக்கொள்ளும் பெட்டிகளும் உள; ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டும் பெட்டிகளும் உள. பின்னவற்றுக்கு, இயங்குதளம் எழும்போதே கட்டளைகளை மீண்டும் எழுதும் ஏற்பாடு செய்தல் இன்றியமையாதது.

8. சிறியதினின்று பெரியது

இது விளையாட்டுப் பிள்ளைகள் மேசைமேல் வைத்து மகிழும் அலங்காரத்தைப் பற்றிய பேச்சென்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனமன்று. புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 2019இல் நிறுவப்பட்ட பரம் பிரம்மா என்னும் மீக்கணினி, நீர்மத்தால் நேரடியாகக் குளிர்விக்கும் முறையைக் கையாண்டது. உலகின் தலைசிறந்த ஐந்நூறு மீக்கணினிகளும் 2017 நவம்பர்ப் பட்டியல் தொடங்கி லினக்ஸ் இயங்குதளத்திலேயே ஓடிவருகின்றன. வானிலை கணிப்பதும், மருந்து ஆராய்வதும், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிப்பதும் இத்தகைய கணிப்பொறிகளே. நீரின் சூட்டைப் பொய்யாகக் கூறும் ஒரு டிரைவர் ஆங்கே ஒரு மாணவனின் விளையாட்டைக் கெடுப்பதோடு நில்லாது. பலருடைய பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். மேசைமேல் உள்ள சிறு பெட்டியில் இக்கலையைக் கற்றவர்க்கு அப்பெரிய கணிப்பொறிகளின் இயல்பும் எளிதில் விளங்கும். அளவே வேறு, விதி ஒன்றே.

முடிவுரை

லினக்ஸ் கெர்னலில் உள்ள டிரைவர்களைச் சம்பளம் பெறும் வல்லுநர் மாத்திரம் எழுதினாரல்லர். தம் வீட்டில் உள்ள ஒரு பெட்டி தம் இயங்குதளத்தோடு பேசாமையைக் கண்டு, பைட்டைப் பைட்டாக ஆராய்ந்து எழுதிய தனிமனிதரும் அவருட் பலர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த, பொறுப்பாளர் வரிவரியாகப் பார்த்துக் குறைகூற, மீண்டும் மீண்டும் எழுதி அனுப்ப, ஈற்றில் அது உலகத்தார் அனைவர்க்கும் உரியதாகின்றது. இவ்வாயில் வில்லியனூர் மாணவனுக்கும் பாகூர் மாணவிக்கும் திறந்தே இருக்கின்றது. வேண்டுவன பொறுமையும், கூட்டல் பெருக்கலும், சி மொழியில் அடிப்படைப் பயிற்சியுமே. தமிழிலேயே இத்துறைகளைக் கற்க விரும்புவோர்க்கு 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் நல்ல வழிகாட்டி.

நம் ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்விக்கு மூன்று ஊர்களின் வருவாயை ஈந்தனர் என்பதைச் சொல்லிப் பெருமைப்படுதல் எளிது. அப்பெருமைக்கு உரியராதல் வேறு. நாம் அன்றாடம் கையாளும் கருவியின் உள்ளே யாது நிகழ்கின்றது என்று அறியாமல், பெட்டியைச் செய்தவர் கூறும் எண்ணையே மெய்யென நம்பி வாழ்வது கற்றார்க்கு அழகன்று. இறைவன் நமக்கு அளித்த அறிவைப் புதைத்துவையாது, ஒரு பெட்டியையேனும் திறந்து, ஒரு கோப்பையேனும் படித்து, ஓரெண்ணையேனும் சரிபார்க்கும் மாணவர் இவ்வாண்டு நம் கல்லூரியில் தோன்றுவராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் முற்றும் பெற்றவராவோம்.